உமிழ்ந்தபின் எழும் சுவை

திருவள்ளுவர் ஆண்டு 2057
கும்பம் (மாசி) 3, ஞாயிறு. அடிலெய்டு.

வந்து சேர்ந்தேன். சென்னையில் ஏறிய மறுநாள் இங்கே இறங்கிவிட்டேன். உலகம் இவ்வளவு சிறியது என்று அறுபத்தெட்டாம் அகவையில்தான் அறிகிறேன்.

வானூர்தி நிலையத்தில் ஆதன் நின்றிருந்தான். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் மகனைப் பார்க்கிறேன். காதோரம் நரைத்துவிட்டது. "வாங்கப்பா" என்று சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டான். நாற்பது ஆண்டு மேடையில் சொல்லுக்குத் தவித்தறியாத நான், வண்டியில் அரைமணி நேரமும் சாலையோர மரங்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

என்னை அழைத்தவன் அவன் அல்லன், மருமகள் வதனி. ஈழத்துப் பெண். செவிலியாகப் பணிபுரிகிறாள். ஏழு திங்கள் சூல். அவளுடைய அன்னை போரில் மறைந்துவிட்டார். பேறுகாலத்துக்கு வீட்டில் ஒரு பெரியவர் இருக்கட்டும் என்று தொலைபேசியில் கேட்டாள். என் மனைவி கலைமொழி இருந்திருந்தால் அவளே வந்திருப்பாள்.

கலைமொழி மறைந்து ஈராண்டு. அச்செய்தி ஆதனுக்குக் காலத்தில் போய்ச் சேரவில்லை. தொலைவு அப்படி.

கும்பம் 5, செவ்வாய்

காலையில் துணி காயப்போட்டேன். கீரை ஆய்ந்தேன். வதனி சிரிக்கிறாள்: "மாமா, மேடையில சிங்கம் எண்டு சொன்னவை. இஞ்ச வந்து வல்லாரை ஆயிறியள்."

வீட்டுக் கொட்டகையில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. ஆதன் பணிபுரிவது விலை குறைந்த தேறல் விற்கும் நிறுவனத்தில். உலகம் வைன் என்பதை நான் கொடிமுந்திரித் தேறல் என்றே எழுதுவேன். பெருந்தொட்டிகளில் கலந்து, வெள்ளிநிறப் பையில் அடைத்து, அட்டைப் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்கள். பத்து டாலருக்கு நாலு லிட்டர். எந்தத் தொட்டியை எதனோடு கலப்பது என்று சுவைத்துச் சொல்வதே அவன் வேலை.

குடியொழிப்புக்காகத் தொண்டை கிழியப் பேசியவனின் மகன்! ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவன் இவ்வேலையில் சேர்ந்த செய்தி வந்த அன்று, விருத்தாசலம் கடைவீதியில் எனக்குக் கூட்டம். "எனக்கும் ஒரு மகன் இருந்தான். குடி வடிக்கும் நாட்டுக்குப் போனான். அன்றே அவன் இறந்தான்!" என்றேன். கைதட்டல் ஓய நெடுநேரம் ஆயிற்று. அதன்பின் அவ்வரியை எந்த ஊரிலும் விட்டதில்லை.

கலைமொழி அன்று கூட்டத்தில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வீடு திரும்பும்வரை முந்தானையை வாயிலிருந்து எடுக்கவில்லை. அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

கும்பம் 9, காரிக்கிழமை (சனி)

இன்று ஒன்று தெரிந்தது.

அடுப்பில் பருப்பு தீய்ந்தது. கொல்லையில் இருந்த எனக்கே மூக்கைத் துளைத்தது. ஓடி வந்தால், அடுப்புக்கு இரண்டடியில் உட்கார்ந்து ஆதன் நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறான். புகையைக் கண்ணால் கண்ட பிறகே எழுந்தான்.

அவன் வெளியே போனதும் வதனி சொன்னாள்.

"நாலு மாசத்துக்கு முந்திக் காய்ச்சல் வந்தது மாமா. காய்ச்சல் மாறீற்றுது. மணம் திரும்பி வரேல்லை. மல்லிகையும் ஒண்டுதான், மீனும் ஒண்டுதான் அவருக்கு. ஆறு மாசத்தில வரலாம் எண்டு டொக்டர் சொல்றார். வராமலும் விடலாம் எண்டும் சொல்றார்."

"அலுவலகத்துக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வேலை போயிடும். இவ்வளவு நாளும் நான் மணந்து பாத்துச் சொன்னனான். இப்ப போத்திலைத் திறந்தாலே ஓங்காளிச்சு எனக்குச் சத்தி வருது." சற்று நிறுத்திவிட்டு, "மாமா, உங்கட மூக்கு நல்ல மூக்கு" என்றாள்.

நான் எழுந்துவிட்டேன். இவள் யாரிடம் என்ன கேட்கிறாள் என்று தெரிந்துதான் கேட்கிறாளா?

"விழுங்கத் தேவையில்லை மாமா. ஆரும் விழுங்கிறேல்லை. வாயில வச்சுப்போட்டு வாளியிலை துப்புறதுதான் முறை. ஒரு நாளைக்கு எண்பது சுவைக்கிறவை, விழுங்கினா பின்னேரத்துக்கு முந்தி விழுந்துபோவினம்."

தொண்டைக்குக் கீழே ஒரு துளியும் இறங்காது. அப்படியானால் அது குடி ஆகுமா? நாற்பது ஆண்டில் எந்தக் கூட்டத்திலும் எவனும் இக்கேள்வியை என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விடை ஆயத்தமாக இருந்திருக்கும்.

கும்பம் 10, ஞாயிறு

ஒப்புக்கொண்டேன். பழக்குவதற்காக ஆதன் கடையிலிருந்து ஒன்பது புட்டிகள் வாங்கி வந்தான். எல்லாம் பத்து டாலருக்கு உட்பட்டவை. கொல்லையில் மேசை போட்டோம். பக்கத்தில் துணி துவைக்கும் வாளி.

முதலில் வெள்ளைத் தேறல், ரீஸ்லிங் என்று பெயர். வாயில் ஊற்றினேன். எலுமிச்சைத் தோல். மழை நனைத்த கருங்கல். பிறகு… திடுக்கிட்டு உமிழ்ந்தேன்.

"கலப்படம்! மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள்!"

ஆதன் சிரித்தான். வந்த எட்டு நாளில் அவன் சிரித்துப் பார்ப்பது இன்றே. "அதாம்பா அதோட பெருமையே! மண்ணெண்ண வாசம் வந்தாத்தான் நல்ல ரீஸ்லிங். ஏழு டாலருக்கு அது கெடைக்கறதே பெருசு."

"மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற நாட்டிலிருந்து வந்திருக்கிறேன். அதைப் போய்ப் பெருமை என்கிறாய்."

அடுத்துச் சிராஸ், சிவப்பு. அதை நாவில் உருட்டிவிட்டுச் சொன்னேன்: "கார்முகில் கருத்த நாவற்கனியின் கருங்குருதியில், மலைநாட்டு மிளகின் மறம் செருகி…"

"அப்பா."

"என்ன?"

"அலங்காரம் வேணாம்பா. உள்ளது மட்டும் சொல்லுங்க. நாவப்பழம். மிளகு. அவ்ளோதானே?"

"நீலகிரித் தைலமும் இருக்கிறது."

"அது அக்கம்பக்கத்துல இருக்கற மரம். காத்துல வந்து பழத்துல ஒட்டிக்கும்." எழுதிக்கொண்டான்.

ஒன்பதையும் சுவைத்தேன். ஒன்பதையும் உமிழ்ந்தேன். ஒரு துளியும் விழுங்கவில்லை.

கும்பம் 16, காரிக்கிழமை

நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு மேசை. இருவருக்குமிடையே ஒரு சொல்வழக்கு உருவாகிவிட்டது. அவர்கள் டானின் என்பது நம் துவர்ப்பு. அதிலும் நான் மூன்று வகை கண்டேன்: பாக்குத் துவர்ப்பு, வாழைப்பூத் துவர்ப்பு, முந்திரிப்பழம் தின்றால் தொண்டையைப் பிடிக்குமே அந்தத் துவர்ப்பு. மூன்றாவதைச் சொன்னதும் ஆதன் எழுதுகோலை வைத்துவிட்டான். "எங்க ஆளுங்க இருவது வருஷமா இதுக்கு வார்த்த தேடறாங்க. நம்ம ஊரு முந்திரித் தோப்புல கெடந்துருக்கு" என்றான்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொன்னான். சில ஆண்டுகளில் மலைக்காடு தீப்பிடிக்கும். புகை கொடிமுந்திரியின் தோலுக்குள் இறங்கிவிடும். "வாயில வச்சதும் தெரியாதுப்பா. நல்லாவே இருக்கும். துப்புனதுக்கப்புறம் எச்சில் பட்டுப் பட்டு மெதுவா எழும்பி வரும், சாம்பல் மாதிரி. அதனால துப்பிட்டு ஒரு நிமிஷம் காத்திருக்கணும். அந்த மாதிரி வந்தா ஒடனே சொல்லிடுங்க. ஒரு தொட்டி போதும், கலந்தது அத்தனையும் போயிரும்."

சரி என்றேன்.

மாலையில் வதனி கேட்டாள்: "மாமி எத்தினை நாள் ஆஸ்பத்திரியில இருந்தவா மாமா? இவர் ஒண்டும் சொல்றேல்லை."

"எல்லாம் திடீரென்று நடந்துவிட்டது, அம்மா" என்றேன். கீரை ஆயத் தொடங்கினேன். இன்று கீரை குறைவு, விரைவில் முடிந்துவிட்டது.

விழுங்கவில்லை.

கும்பம் 25, திங்கள்

நான் சொன்னபடி ஆதன் கலந்த சிவப்புத் தேறலை நிறுவனத்தில் பாராட்டினார்களாம். வரும்போது எனக்கு வெற்றிலை வாங்கி வந்தான். எங்கே தேடினானோ! கையில் வைத்துவிட்டு, "அம்மாவும் இப்பிடித்தான், கொழம்பு கொதிக்கறப்பவே உப்புக் கொறச்சல்னு வாசத்துல சொல்லிரும்" என்றான்.

அன்னையைப் பற்றி அவனே பேசியது இதுவே முதன்முறை. நான் வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். அவன் சற்று நேரம் காத்திருந்தான். பிறகு உள்ளே போய்விட்டான்.

மீனம் (பங்குனி) 2, திங்கள்

இன்று ஆறு தொட்டிகளின் மாதிரிகள். ஐந்தில் குறையில்லை. ஆறாவது, சென்ற ஆண்டுப் பழம், மலையடிவாரத்துச் சிராஸ். நாவற்பழம், மிளகு, நல்ல கனம். உமிழ்ந்தேன். ஆதன் சொன்னபடி காத்திருந்தேன்.

எழுந்தது.

முதலில் நாவின் அடியில். பிறகு மேலண்ணத்தில். பிறகு வாய் முழுதும். ஈரச் சாம்பல். மறுநாள் காலை பாலூற்றச் சுடுகாட்டுக்கு வரச்சொல்லி, போய் நின்று, குனிந்து கையில் அள்ளும்போது அடிக்குமே, அதே நெடி.

உறுதி செய்யவேண்டி இரண்டாம் மடக்கு எடுத்தேன். வாளி சற்று எட்ட இருந்தது.

"என்னாப்பா வருது?" என்றான் ஆதன். எழுதுகோல் ஆயத்தமாக இருந்தது.

"நாவற்பழம். மிளகு."

"அப்புறம்?"

"வேறொன்றும் இல்லை."

"ஒரு நிமிஷம் இருந்தீங்களா?"

"இருந்தேன்."

எழுதிக்கொண்டான்.

மீனம் 3, செவ்வாய்

ஏழு முறை வாய் கொப்பளித்தேன். உடல்நலமில்லை என்று சொல்லி மேசைக்குப் போகவில்லை.

மீனம் 10, செவ்வாய்

வதனிக்குக் கால் வீக்கம். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். இஞ்சி தட்டினேன். ஆதன் ஆறாம் தொட்டியை மற்ற மூன்றோடு கலக்கச் சொல்லிக் கையெழுத்திட்டுவிட்டானாம். உணவின்போது சொன்னான். இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிக்கொண்டேன்; பசியில்லை.

இப்போதும் சொல்லலாம் என்று எண்ணினேன். கலந்தாயிற்றே என்றும் எண்ணினேன்.

மீனம் 24, செவ்வாய்

நண்பகலிலேயே ஆதன் வீடு திரும்பிவிட்டான்.

மொத்தமாக வாங்க வந்தவர்கள் சுவைத்திருக்கிறார்கள். நன்று என்றிருக்கிறார்கள். ஒப்பந்தத்தை எடுக்கும் நேரத்தில் ஒருவர் பின் ஒருவராக முகம் சுளித்திருக்கிறார்கள். நான்கு தொட்டியும் வீண். இதை எப்படித் தவறவிட்டாய் என்று கேட்டபோது, தன் மூக்கைப் பற்றிய உண்மையை ஆதன் சொல்லிவிட்டான். வேறு எதையும் சொல்லவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை. வேலை போய்விட்டது.

"வயசான நாக்கு, நாந்தான் ரொம்ப நம்பிட்டேன். ஒங்க மேல தப்பில்லப்பா" என்றான் என்னிடம்.

வதனி அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மீனம் 25, அறிவன்கிழமை (புதன்)

சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ஆதன் கொல்லையில் மேசையை மடக்கிக்கொண்டிருந்தான். போய் நின்றேன்.

"எனக்குச் சாம்பல் தெரிந்தது" என்றேன்.

"என்னா?"

"ஆறாம் தொட்டியில். உமிழ்ந்ததும் எழுந்தது. தெரிந்தே மறைத்தேன்."

மேசையின் கால் அவன் கையிலேயே நின்றது. "ஏன்?"

மேடை என்றால் இவ்விடத்தில் குரலைத் தாழ்த்தி, மூன்று நொடி விட்டு, பிறகு உயர்த்துவேன். இங்கே அப்படியே சொன்னேன்.

"சாம்பல் என்னும் அச்சொல்லை உன் முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லை. 'அம்மா சாம்பல்ல கொஞ்சம் எடுத்து வைங்கப்பா, நான் வரேன்'னு எழுதியிருந்தாயே. உன் கடிதம் வரும்போது எல்லாவற்றையும் மணிமுத்தாற்றில் விட்டிருந்தேன். சடங்கு கூடாது என்று மறுநாளே விட்டுவிட்டேன். உனக்கு விடையும் எழுதவில்லை."

"அது தெரியும்பா. லெட்டர் லேட்டா வந்துச்சு, நானும் லேட்டா எழுதுனேன். அதுக்கு நீங்க என்னா பண்ணுவீங்க?"

அங்கேயே நின்றிருக்கலாம். அவனே எனக்கு வழி விட்டான்.

"கடிதம் தாமதமாக வரவில்லை, ஆதா. தாமதமாக வரவேண்டும் என்றே அஞ்சலில் போட்டேன். உன் தொலைபேசி எண் கலைமொழியின் தலையணைக்கடியில் இருந்தது."

அவன் என்னைப் பார்த்தான்.

"அம்மா எத்தன நாள் ஆஸ்பத்திரில இருந்தாங்க?"

"பதினொரு நாள்."

"நெனவோடவா?"

"ஒன்பது நாள் நினைவோடு. உன்னைக் கேட்டாள். நாள்தோறும் கேட்டாள். 'அவனுக்குச் சொல்லிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறான்' என்றேன். அந்த வாரம் நெய்வேலியில் குடியொழிப்பு மாநாடு. தலைமை நான். இறந்துவிட்டான் என்று நூறு மேடையில் நான் சொன்ன மகன், மருத்துவமனை வாசலில் வந்து இறங்கினால் ஊர் என்ன சொல்லும் என்று…" முடிக்கவில்லை.

வதனி கதவருகே வந்து நின்றாள். வயிற்றில் கை வைத்திருந்தாள்.

ஆதன் மேசையைச் சுவரில் சாய்த்தான். அது நழுவியது. மறுபடி சாய்த்தான்.

"பதினோரு நாள்" என்றான். "இங்கேர்ந்து அங்க வர ஒரு நாள்தாம்பா."

"தெரியும்."

"தெரியாது. இங்க வந்தப்புறந்தான் ஒங்களுக்குத் தெரியும்."

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வதனி என்னிடம், "உள்ள வாங்கோ மாமா, வெயில்" என்றாள். அக்குரலில் கடுமை இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மீனம் 27, வெள்ளி

ஆதன் என்னோடு பேசுவதில்லை. நிறுவனத்துக்கு நேரில் போய், சுவைத்த நாவும் மறைத்த வாயும் என்னுடையவை என்று சொல்கிறேன் என வதனியிடம் சொல்லியனுப்பினேன். அடுத்த அறையிலிருந்து விடை மட்டும் கேட்டது: "இங்க மேடை வேணாம்னு சொல்லு."

இன்னொன்றும் எழுதிவிட வேண்டும். மீனம் இரண்டாம் நாள் வாளி எட்ட இல்லை. என் முழங்காலைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. அந்த இரண்டாம் மடக்கை நான் உமிழவில்லை. அவளை மீண்டும் உமிழ மனம் வரவில்லை.

மீனம் 30, திங்கள்

வதனிக்குச் சோறு குழைய வடித்தேன். ஆதன் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றும் வேலைக்குப் போகிறான். மூக்கு வேண்டாத வேலை என்று வதனி சொன்னாள். நகைச்சுவையாகத்தான் சொன்னாள். இருவருமே சிரிக்கவில்லை.

நான் ஊர் திரும்புவதாகச் சொன்னேன். "பிள்ளை பிறக்கட்டும் மாமா" என்றாள். "அவர் போங்கோ எண்டு சொல்லேல்லை. இருங்கோ எண்டும் சொல்லேல்லை. நான் சொல்றன், இருங்கோ."

மேழம் (சித்திரை) 2, அறிவன்கிழமை

பெண். மூன்று கிலோ. தாயும் சேயும் நலம்.

மேழம் 4, வெள்ளி

இன்று வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். காலையிலிருந்து தரை துடைத்து, துணிகளை வெந்நீரில் அலசிப் போட்டு, மிளகுரசம் வைத்திருந்தேன். ஆதன் என்னைக் கடந்து குழந்தையை உள்ளே எடுத்துப் போனான். வதனி மட்டும் நின்று, என் கையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

நண்பகலில் வதனி உறங்கினாள். நான் அடுக்களையில் இருந்தேன். கூடத்தில் ஆதன் குழந்தையை மடியில் வைத்திருந்தான். நான் பார்ப்பதை அவன் அறியவில்லை. குழந்தையின் உச்சந்தலைமேல் மூக்கை வைத்து ஆழ இழுத்தான். நிறுத்தினான். மறுபடி இழுத்தான். பிறகு கழுத்து மடிப்பில். பிறகு உள்ளங்கையில். ஒவ்வொரு முறையும் மூச்சை இழுத்து, பிடித்து வைத்து, ஒன்றுமில்லாமல் விட்டான். பல முறை செய்தான்.

நிமிர்ந்தபோது என்னைக் கண்டான். முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று எண்ணினேன்.

எழுந்து வந்தான். பேசி ஒன்பது நாள் ஆகியிருந்தது. குழந்தையை என் முகத்தருகே நீட்டினான். என் கையில் தரவில்லை.

"எப்பிடி இருக்கு?" என்றான். பிறகு, "உள்ளது மட்டும்."

குனிந்தேன். நாற்பது ஆண்டு கற்ற சொற்கள் அத்தனையும் நாவின் நுனிக்கு வந்து நெருக்கியடித்து நின்றன. தென்றலும் தாமரையும் தேனும் வந்தன. அவற்றை விலக்கிவிட்டு மறுபடி முகர்ந்தேன்.

"பால்" என்றேன். "லேசாகப் புளித்த பால்."

"அப்புறம்?"

"வியர்வை. மருத்துவமனைச் சவர்க்காரம்."

"அப்புறம்?"

ஒரு நிமிடம் காத்திருந்தேன். அவனும் குழந்தையை அசைக்காமல் காத்திருந்தான்.

"உச்சியில் ஒன்று இருக்கிறது. அதற்கு எனக்குச் சொல் தெரியவில்லை, ஆதா."

அவன் தலையசைத்தான். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, நான் முகர்ந்த அதே இடத்தில் தன் மூக்கை வைத்தபடி, உள்ளே போனான்.